ஆலைக்கு வந்த கணிப்பொறியும் ஆள் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், முற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் திருத்தாமல் தந்திருக்கிறேன்.)

செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டு, "தானியங்கித் தொழில்நுட்பமும் வேலைவாய்ப்பும்னு ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிரு" என்றார். இரண்டாவது நிபந்தனையைக் கட்டாயம் காப்பாற்றுவேன். முதலாவதைக் கொஞ்சம் சுருக்கிக் கொள்கிறேன். உலகம் முழுவதும் இத்தனை கோடி வேலை போகும், இத்தனை கோடி வேலை வரும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குக்குள் நான் போகவில்லை. நான் 2010-ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனவன். அன்று முதல் கோவையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்கு சென்சார் மாட்டி, அது சொல்வதைத் திரையில் காட்டும் சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். ஆகவே மில் கேட்டை விட்டு வெளியே போகாமல் பேசிவிடுகிறேன்.

முதலில் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா 1984-ல், 19 வயதில், ஒரு மில்லில் கோன் வைண்டிங் பகுதியில் சேர்ந்தார். டெக்ஸ்டைல் படிக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். ரிங் பிரேமில் நூற்ற நூல் சின்னச் சின்ன பாபின்களில் வரும். அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பெரிய கோனாகச் சுற்ற வேண்டும். ஒரு பாபின் தீர்ந்தால் அடுத்ததன் முனையை எடுத்து முடிச்சுப் போட வேண்டும். நடுவில் அறுந்தாலும் முடிச்சு. பாபினுக்கு 50 கிராம் நூல் என்று வைத்துக்கொண்டால், 1,800 கிராம் கோன் ஒன்றுக்குக் குறைந்தது 35 முடிச்சு. அதற்கென்று கையில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி உண்டு. கட்டைவிரலை அழுத்தினால் முடிச்சு விழுந்து, மிச்ச வாலையும் அதுவே வெட்டிவிடும். அம்மாவின் வலது கட்டைவிரல் இன்றும் சற்று வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது.

இந்த முடிச்சுதான் வில்லங்கம். திருப்பூரில் பின்னலாடை மெஷினில் ஊசிக் கொக்கிக்குள் முடிச்சு மாட்டினால் துணியில் ஓட்டை விழும். ஏற்றுமதிக்காரர்கள் முடிச்சில்லாத நூல்தான் வேண்டும் என்றார்கள். ஆட்டோகோனர் அதைச் செய்தது. இரண்டு முனைகளையும் அருகருகே வைத்து அழுத்தக் காற்றை ஒரு நொடிக்கும் குறைவாக ஊதி, இழைகளை ஒன்றோடொன்று பின்னவிட்டு ஒட்டிவிடும். நூல் தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்பதை எலக்ட்ரானிக் கண் ஓடும்போதே பார்த்து, பழுதை வெட்டி எறியும். கையால் எப்படிச் செய்தாலும் அந்தத் தரம் வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மெஷின் வந்தது வெறும் ஆள் குறைக்க மட்டும் என்று நான் சொன்னால் அது பொய்.

விலைதான் பெரிய தடையாக இருந்தது. 1999 ஏப்ரலில் மத்திய அரசு தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைக் கொண்டு வந்தது. புது மெஷின் வாங்கும் கடனுக்கு வட்டியில் 5 சதவிகிதப் புள்ளியை அரசே ஏற்றுக்கொள்ளும். நம் பக்கத்து மில்கள் பலவற்றில் ஆட்டோகோனர் இறங்கியது இந்தத் திட்டத்தின் தயவில்தான். அம்மாவின் மில்லுக்கு 2001-ல் வந்தது. அம்மாவின் ஷிப்டில் வைண்டிங்கில் 28 பெண்கள். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு 6 பேர் போதும்.

மீதி 22 பேரையும் மில் வேலையை விட்டு எடுக்கவில்லை. இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிட்டு, "விருப்ப ஓய்வு" என்ற கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 17 வருட சர்வீசுக்கு அம்மாவுக்கு எல்லாம் சேர்த்து 1 லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். 36 வயதில் ஓய்வு. என்ன விருப்பமோ!

வேலைக்கு வந்த பிறகு, ஒரு தொழிற்சங்கத் தோழர் சொல்லித்தான் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். 1947-ம் வருட தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவுப்படி, ஆட்குறைப்புக்கு இடம் கொடுக்கும் மெஷின் மாற்றமோ வேலைமுறை மாற்றமோ செய்வதற்கு முன் 21 நாள் அறிவிப்புத் தர வேண்டும். நான்காவது அட்டவணையில் 10-வது இனமாக இது பச்சையாகவே எழுதியிருக்கிறது. ஆட்குறைப்புச் செய்தால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். மறுபடி ஆள் எடுத்தால் போனவருக்கு முன்னுரிமை. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலை என்றால் அரசின் முன் அனுமதியும் வேண்டும். இத்தனை வேலிகள். ஆனால் தானாக விருப்ப ஓய்வு பெறுவது "ஆட்குறைப்பு" என்ற சொல்லின் இலக்கணத்துக்குள்ளேயே வராது என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த ஒரு கையெழுத்தில் எல்லா வேலியும் அவிழ்ந்துவிட்டது. மில் கணக்குப்படி அந்த வருடம் மெஷினால் வேலை இழந்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யம்.

இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. அரசு அனுமதிக்கான வரம்பு 100-லிருந்து 300 பேராக உயர்ந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் மறுபயிற்சி நிதி என்ற பெயரில் முதலாளி 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும் என்பது புதிது. நல்ல விஷயம்தான். விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்தவர்கள் இங்கேயும் கணக்கில் இல்லை.

வங்கிகளில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். 1983-ல் வங்கிகளின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து, மெஷின் எந்த அளவுக்கு வரலாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் ஒரு குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. கணிப்பொறியை எதிர்த்தவர்கள் என்று வங்கி ஊழியர்களை நாம் கேலி செய்திருக்கிறோம். ஆனால் மெஷின் வரும் முன்பே அவர்களுக்கு மேசையில் ஒரு நாற்காலி இருந்தது. அம்மாவுக்கு இருந்தது ஒரு ஸ்டாம்ப் பேடும் கடிதமும். கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லி பேனாவை வாங்கிக்கொண்டாராம்.

பிறகு அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனார். போக வர இரண்டரை மணி நேரம் பஸ். பி.எஃப். கிடையாது. துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒரு நாள் இரவு கால் நீட்டி உட்கார்ந்தபடி சொன்னார்: "முன்ன மாதிரி ஓட்டை வர்றதில்லீங்க சாமி. அந்த மெஷின் நூலு நல்லாத்தான் இருக்குது." அதில் வருத்தமோ கோபமோ எதுவும் இல்லை. தொழில் தெரிந்தவர் தொழிலைப் பற்றிச் சொன்ன வார்த்தை, அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த 1 லட்சத்துப் பத்தாயிரத்தில் கை வைக்காமல் பேங்கில் போட்டு வைத்திருந்தார்கள். 2006-ல் அதுதான் இந்தக் கல்லூரியில் எனக்கு அட்மிஷன் பீஸ் ஆனது. ஹாஸ்டல் அட்வான்சும் அதில்தான். ஆட்டோகோனர் காசில் படித்த ஆட்டோமேஷன் இன்ஜினியர் என்று எங்கள் அறையில் நானே கிண்டலாகச் சொல்லிக்கொள்வேன். பின் வரிசையில் சிரிப்பவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

சரி, இனி என் கதை. ஒரு மில்லுக்கு எங்கள் சாமானை விற்கப் போனால் ஒரு தாள் தயார் செய்வோம். முதலீடு இவ்வளவு, எத்தனை மாதத்தில் திரும்பும் என்று. அதில் மின்சார மிச்சம், கழிவுப் பஞ்சு மிச்சம் எல்லாம் உண்டு. ஆனால் கணக்கைத் தூக்கி நிறுத்துவது "ஆள் மிச்சம்" என்ற வரிதான். ஷிப்டுக்கு 4 ஆள், 3 ஷிப்டுக்கு 12 ஆள், பெருக்கு சம்பளம், பெருக்கு 12 மாதம். அந்த வரியை நான் எத்தனையோ முறை டைப் அடித்திருக்கிறேன். 12 பேர் எங்கே போனார்கள் என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. நான் போட்டிருந்தாலும் வாங்குகிறவர் பார்த்திருக்க மாட்டார், அது வேறு.

ஆள் போவது பற்றியே எல்லோரும் பேசுகிறோம். போகாமல் மிஞ்சியிருக்கிற ஆளுக்கு என்ன ஆகிறது என்பதை எனக்கு ஒரு ரிங் பிரேம்தான் காட்டிக் கொடுத்தது.

இப்போதைய ரிங் பிரேமில் ஆயிரத்துக்கும் மேல் ஸ்பிண்டில்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றும். நூல் அங்கங்கே அறுந்துகொண்டேதான் இருக்கும். 100 ஸ்பிண்டில்-மணிக்கு 3 அறுப்பு என்றால், 1,200 ஸ்பிண்டில் பிரேமில் மணிக்கு 36 அறுப்பு. அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, பாபினிலிருந்து முனையை எடுத்து, டிராவலருக்குள் கோத்து, உருளையில் இழை வரும் இடத்தில் தொட்டு ஒட்டுபவர்தான் சைடர். முன்பெல்லாம் சைடர் பிரேமைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார். அறுந்தது கண்ணில் பட்டால் ஒட்டுவார். நாங்கள் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஒரு சென்சார் வைத்தோம். அறுந்தால் அந்த இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். சும்மா நடக்க வேண்டாம், நேராக அங்கே போனால் போதும். கால் வலி குறையும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். குறையவும் செய்தது, முதல் இரண்டு மாதம். பிறகு ஒருவருக்கு இரண்டு பிரேம் என்றிருந்ததை மூன்று ஆக்கினார்கள். நடை பழையபடி ஆயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு மில்லில் மேலாளர் கேட்டார்: "விளக்கு எரிஞ்சதுல இருந்து ஒட்டற வரைக்கும் எத்தனை நேரம்னு உங்க சாப்ட்வேர்ல இருக்குமே? யாரு எவ்வளவு நேரம் எடுக்கறாங்கன்னு பேரோட வரிசையா ஒரு பக்கம் போட்டுக் குடுங்களேன்." ஒரே மாலையில் எழுதிக் கொடுத்தேன். ஷிப்ட் ரிஜிஸ்டரில் இருந்த பெயரையும் சென்சார் நேரத்தையும் சேர்த்து, வேகமானவர் மேலே, தாமதமானவர் கீழே. கீழே உள்ள மூன்று பெயர் சிவப்பில். அந்தச் சிவப்பு யாரும் கேட்காதது, நானாகப் போட்டது. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று.

ஆறு மாதம் கழித்து வேறொரு ரிப்பேருக்காக அங்கே போனேன். நோட்டீஸ் போர்டில் என் பக்கத்தை பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார்கள். கடைசிப் பெயர் ஒடிசாவிலிருந்து வந்து மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. தொடர்ந்து மூன்று வாரம் கடைசி. இன்சென்டிவ் பிடித்தம். நான்காவது வாரம் அந்தப் பெயரே இல்லை. மேஸ்திரியிடம் கேட்டேன். "அனுப்பிட்டாங்கண்ணா. சோம்பேறின்னு லிஸ்ட்ல வந்திருச்சில்லீங்க" என்றார்.

ஏதோ உறுத்தவே, அன்று இரவு அங்கேயே உட்கார்ந்து பழைய பதிவுகளை எடுத்தேன். அந்தப் பெண் பார்த்த இரண்டு பிரேம்களில் அறுப்பு எண்ணிக்கை மற்ற பிரேம்களைப்போல் இரு மடங்கு. அவள் ஷிப்டில் மட்டும் இல்லை, மூன்று ஷிப்டிலும். அவள் போன பிறகும் அப்படித்தான். காரணம் தேடிப் போனால், அந்த மூலைக்கு ஈரக்காற்று கொண்டு வரும் டக்ட்டில் ஒரு தடுப்பு பாதி மூடிக் கிடந்தது. காற்றில் ஈரம் குறைந்தால் பஞ்சு இழை முறுக்கேறாமல் பறக்கும், நூல் அறுபடும். இது முதல் வருட டெக்ஸ்டைல் மாணவனுக்கும் தெரியும். அறுப்பு இரண்டு மடங்கானால், ஒருவர் ஒன்றை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவை வரிசையில் காத்திருக்கும். காத்திருக்கும் நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது, அதற்கு மேலும் ஏறும். டிக்கெட் கவுண்டர் வரிசையைப் பற்றி நமக்கு மூன்றாம் வருடத்தில் நடத்திய அதே பாடம். நான் அந்தப் பேப்பரில் 82 மார்க் வாங்கியவன்.

ஆக, என் பக்கம் அளந்தது டக்ட்டை. எழுதியது அவள் பெயரை.

மேலாளர் மோசமான மனிதர் இல்லை. மறுநாள் காட்டியதும் தடுப்பைச் சரி செய்யச் சொன்னார். "அடடா, சொல்லியிருந்தா வெச்சிருந்திருக்கலாமே" என்றார். அவள் ஏற்கனவே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள் என்று பிறகு ஹாஸ்டல் வார்டன் அம்மா சொன்னார்கள். "அங்க நெறய அறுந்துது அண்ணா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருக்கிறாள். சிவப்பு எழுத்தில் பிரிண்ட் ஆன தாளுக்கு முன்னால் அந்தத் தமிழ் எடுபடவில்லை. அவள் வைத்துவிட்டுப் போன போன் நம்பருக்கு நான்கைந்து முறை போட்டுப் பார்த்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க காலத்துல மேஸ்திரி வந்து திட்டுவான். நாங்களும் திருப்பிச் சொல்லுவோம், மெஷின வந்து பாருன்னு. பேப்பர்கிட்ட என்னன்னு சொல்லறது" என்றார்.

ஒரு விஷயம் நியாயமாகச் சொல்ல வேண்டும். சைடர் வேலையே இன்னும் எத்தனை காலம் என்பது வேறு கேள்வி. 2019-ல் பார்சிலோனாவில் நடந்த ஐ.டி.எம்.ஏ. கண்காட்சியில் ரீட்டர் கம்பெனி ரிங் பிரேமில் அறுந்த நூலைத் தானே ஒட்டும் ரோபோவைக் காட்டிவிட்டது. நம் பக்கம் சம்பளத்தைவிட அது மலிவாகும் நாளில் இங்கேயும் வரும். சாப்ட்வேருக்குப் போன நண்பர்கள் 2010-ல் என்னைப் பார்த்து "இன்னும் பஞ்சுக்குள்ளேயே இருக்கியாடா" என்பார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அவர்கள் போன் வேறு சுருதியில் வருகிறது. புரோகிராமை மெஷினே எழுதுகிறதாம். டெஸ்டிங்கில் இருந்த ஒருவன் "எங்க ஆபீஸ்லயும் பேர் பேரா ஒரு லிஸ்ட் போட ஆரம்பிச்சிட்டாங்கடா" என்றான். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பக்கத்து டீமாம். அவர்களும் ஒரே மாலையில்தான் எழுதியிருப்பார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் சாப்ட்வேரில் நான் செய்தது இரண்டே மாற்றம். வரிசை இப்போது ஸ்பிண்டில் நம்பர்படி வரும், ஆள் பெயர் வராது. மூன்று ஷிப்டிலும் ஒரே இடத்தில் அறுப்பு கூடினால் "மெஷினைப் பார்க்கவும்" என்று மேலே வரும். பராமரிப்புப் பிரிவுக்கு இது பிடித்துப்போனது. உற்பத்திப் பிரிவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "ஆள் மிச்சம்" வரிக்குக் கீழே, மிச்சமாகும் ஆட்களில் எத்தனை பேரை எந்த வேலைக்குப் பழக்குவது என்று ஒரு கட்டமும் சேர்த்தேன். பெரும்பாலும் காலியாகவே திரும்பி வருகிறது. ஒரு மில்லில் மட்டும் வைண்டிங்கில் இருந்த நான்கு பெண்களை ஆட்டோகோனரின் ஒட்டும் பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து செட்டிங் பார்க்கப் பழக்கினார்கள். இரண்டு பேர் நின்றுகொண்டார்கள். இரண்டு பேர் இரவு ஷிப்ட் ஒத்துவராமல் போய்விட்டார்கள். பெரிய வெற்றி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இப்போது ஒரு பெரிய மில் குழுமத்திடமிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. 40 பிரேம். எங்கள் சைசுக்கு அது ஒரு வருடச் சோறு. நிபந்தனைகளில் 7-வதாக, ஆள் வாரியாகப் பெயருடன் தர வரிசை வேண்டும் என்று இருக்கிறது. முடியாது என்று சொன்னால் கொடுக்கத் தயாராக இன்னும் இரண்டு கம்பெனிகள் இருக்கின்றன. எங்கள் முதலாளி முடிவை என்னிடம் விட்டுவிட்டார். பெருந்தன்மையா, கழற்றிக்கொண்டாரா என்று தெரியவில்லை. பெயர் கேட்டால், அதே வரியில் அந்தப் பிரேமின் அறுப்பு எண்ணிக்கையும் காற்றின் ஈரமும் சேர்ந்தே அச்சாகும், தனியாக வராது, தொழிலாளி தன் குறிப்பை எழுத ஒரு இடமும் இருக்கும் என்று ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

முன் வரிசையில் மில் நடத்தும் அண்ணன்மார்கள் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். இப்படி ஒரு பதில் உங்கள் மேசைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் சொல்லுங்கள். திட்டுவதானாலும் சரி. எங்கள் அம்மாவும் வந்திருக்கிறார், இடது பக்கம் நான்காவது வரிசையில். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் இன்னும் விவரமாகக் கேட்டுக்கொள்ளலாம்.